ரொசெற்றாக் கல்: புகழுரையின் மறுபக்கம்

கி.மு. 196இல் மெம்பிசிற் கூடிய எகிப்தியப் பூசகர்கள், கிரேக்க வம்சத்தவனான ஐந்தாம் தொலமியைப் போற்றி இயற்றிய தீர்மானமே ரொசெற்றாக் கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. 1822இல் சம்போலியன் எகிப்தியச் சித்திர எழுத்தின் மர்மத்தை அவிழ்க்க உதவியமையால், அது மொழியியற் சான்றாகவே பெரிதும் பேசப்படுகின்றது. அதனைப் புகழிலக்கியமாகவும் நோக்குதல் வேண்டும்.

வரிகள் நீக்கப்பட்டமையும் கோயில்கள் சலுகை பெற்றமையும் சிறுவனான மன்னனின் கருணையாகவே அதிற் கூறப்படுகின்றன. ஆயின், லைக்கொபொலிசிற் கிளர்ச்சியாளர் முற்றுகையிடப்பட்டு அழிக்கப்பட்டமையையும் அதே சாசனம் பெருமையுடன் உரைக்கின்றது. தென்னெகிப்திற் சுதேச மன்னரின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியோ கி.மு. 186இலேயே அடக்கப்பட்டது. ஆகவே, பூசகரின் ஆதரவை இழக்க அஞ்சிய அரசு கொடுத்த விலையே இங்குக் கருணையெனப் பெயர் பெறுகின்றது. சித்திர எழுத்து, வழக்கெழுத்து, கிரேக்கம் என மூவகையிற் பொறிக்கப்பட்டமையும் இதற்குச் சான்றாகும்: ஆள்வோரின் மொழி மட்டும் ஆட்சிக்குப் போதவில்லை.