ஜவ்வாது மலையில் ஓர் அமாவாசை

தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு ஒரு பெரிய பாக்கியம் உண்டு. ஒரே இரவில், ஒரே இடத்தில் நின்று, வடக்கே துருவ நட்சத்திரத்தையும் தெற்கே திரிசங்குவையும் பார்த்துவிடலாம். லண்டனில் இருப்பவருக்குத் திரிசங்கு கிடையாது. சிட்னியில் இருப்பவருக்குத் துருவம் கிடையாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு இரண்டுமே கிடைக்கிறது. இப்படி ஒரு வானத்தைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு நம்மில் எத்தனை பேர் குனிந்தே நடக்கிறோம்!

நான் வேலூரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். காலையில் கவுன்டரில் உட்கார்ந்தால் மாலையில் கேஷ் டேலி ஆகும்வரை நிமிர நேரமிருக்காது. லோன் டார்கெட், ஆடிட், குரூப்பில் நொடிக்கொரு மெசேஜ், வீட்டுக்கு வந்தால் மறுநாள் சமையலுக்குக் காய் நறுக்கும் வேலை. மாசி பிறந்துவிட்டாலே இயர் எண்டிங் பேச்சு ஆரம்பித்துவிடும். சரியாக அந்த நெருக்கடியின் வாசலில்தான் மாசி அமாவாசை வருகிறது. அதை ஒட்டிய சனிக்கிழமையை நான் யாருக்கும் எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை. என் டெலஸ்கோப்பைக் காரின் பின்சீட்டில் படுக்கவைத்து, வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறிவிடுவேன்.

ஆலங்காயம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறும். காவலூரைக் கடந்து ஜமுனாமரத்தூர்ப் பக்கம் போனால் எங்கள் குழுவுக்குத் தெரிந்த ஒருவரின் நிலம் இருக்கிறது. சாமை அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் மேட்டு நிலம். சுற்றிலும் ஒரு தெருவிளக்குகூட இல்லை. குழுவில் ஒரு பள்ளி ஆசிரியர், மருந்துக்கடை வைத்திருப்பவர், நாலைந்து கல்லூரி மாணவர்கள், அப்புறம் என் அத்தை. சூரியன் மறைவதற்குள் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டு முடித்து, போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவோம்.

போனை அணைப்பது ஒழுங்குக்காக அல்ல, கண்ணுக்காக. இருட்டில் நம் கண் முழுசாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் பிடிக்கும். பாப்பா விரிவது சில நொடி வேலைதான். ஆனால் விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் நிறமி மெல்ல மெல்லத்தான் சேரும். ஒரு முறை போன் திரையைப் பார்த்தால் போதும், சேர்த்ததெல்லாம் போய்விடும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் கையில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச் மட்டும்தான் இருக்கும். விடிய விடிய யாரும் என்னைக் கூப்பிட முடியாது, நானும் யாரையும் தேட முடியாது. இந்த நிம்மதியை வேறு எந்தச் சுற்றுலாவும் எனக்குக் கொடுத்ததில்லை!

கண் பழகியதும் வானம் இறங்கி வரும். நகரத்தில் எண்ணிவிடக்கூடிய அளவுக்கே தெரியும் நட்சத்திரங்கள் இங்கே 2,000-க்கும் மேல் தெரியும். அவற்றில் சிலரை நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் விசேஷம். ஜாதகத்தில் எழுதி, கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் எழுதி, பெயர் மட்டுமே தெரிந்து வைத்திருக்கிற நட்சத்திரங்கள் அத்தனையும் அங்கே நேரில் நிற்கின்றன. மேற்கே கொத்தாகக் கார்த்திகை. அதற்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. வேட்டைக்காரன் என்கிற ஓரியன் கூட்டத்தின் தலையில் மிருகசீரிடம், தோளில் செக்கச் சிவந்த திருவாதிரை. 2019 கடைசியில் தொடங்கி 2020 பிப்ரவரி வரைக்கும் இந்தத் திருவாதிரை வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு மங்கிப்போய், உலகத்து வானியலாளர்களையெல்லாம் தூங்கவிடாமல் செய்தது. அது கக்கிய தூசியே அதை மறைத்தது என்று பிற்பாடு தெரிந்தது. அதற்கும் மேலே இரட்டையாகப் புனர்பூசம். அடுத்துப் பூசம் இருக்கும் இடத்தில் ஒரு மங்கல் திட்டு. பைனாகுலரை அதில் திருப்பினால் அந்தத் திட்டு டஜன் கணக்கில் நட்சத்திரங்களாகப் பிரியும். பூச நட்சத்திரக்காரர்களே, உங்கள் வீட்டில் எத்தனை கூட்டம் பாருங்கள்!

வேட்டைக்காரனின் இடைவாரில் மூன்று நட்சத்திரங்கள் வரிசையாக இருக்கும். அதற்குக் கீழே தொங்கும் வாளின் நடுவில்தான் என் உயிர் இருக்கிறது. ஓரியன் நெபுலா. சுமார் 1,300 ஒளியாண்டு தூரத்தில் புதிய நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கிற வாயு மண்டலம். என்னுடையது ஆறு அங்குல ஆடி கொண்ட டெலஸ்கோப். இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட ஏறக்குறைய 450 மடங்கு ஒளியை அது அள்ளும். அதில் கண்ணை வைத்ததும் முதலில் ஒரு வெண்மூட்டம் தெரியும். அவசரப்படக் கூடாது. மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு, நேராகப் பார்க்காமல் பார்வையைச் சற்றே ஓரத்துக்குத் தள்ள வேண்டும். மங்கல் ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. ஓரப்பார்வை பழகியதும் அந்த மூட்டம் இரண்டு பக்கமும் விரியத் தொடங்கும். ஒரு பக்கம் கூர்மையான விளிம்பு, மறுபக்கம் கரைந்துகொண்டே போகும் இழைகள், நடுவில் கருப்பாக ஒரு குடைவு, அதன் முனையில் நெருக்கியடித்த நாலு நட்சத்திரங்கள். புகைப்படத்தில் வருகிற சிவப்பும் ஊதாவும் தெரியாது. சாம்பல் படிந்த ஒரு பச்சைதான். ஆனால் இது படமில்லை. அங்கிருந்து கிளம்பிய அதே ஒளி நேராக என் கண்ணுக்குள் வந்து விழுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

என் அத்தைக்கு அறுபத்தைந்து வயது, ரோகிணி நட்சத்திரம். முதல் தடவை அவரை மலைக்கு அழைத்துப் போனபோது ரோகிணியைக் காட்டி, "அத்தை, இதுதான் உங்க நட்சத்திரம். இங்கேருந்து அறுபத்தைந்து ஒளியாண்டு" என்றேன்.

"அப்படின்னா என்னடி?"

"அங்கேருந்து வெளிச்சம் கிளம்பி நம்ம கண்ணுக்கு வந்து சேர அறுபத்தைஞ்சு வருஷம் ஆகும் அத்தை."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ நான் பொறந்தப்ப கிளம்பின வெளிச்சமா இது? இப்பத்தான் வந்து சேருதா?"

ஆமாம் அத்தை, ஆமாம்! அதன் பிறகு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அமாவாசை நெருங்கினால் எனக்கு முன்னால் அவர்தான் ஸ்வெட்டரை எடுத்து வைக்கிறார்.

இந்த மலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வேணு பாப்பு என்கிற மகத்தான வானியலாளர் நாட்டின் இரவு வானத்துக்காகத் தேடிப் பிடித்த இடம் இது. 1927-இல் சென்னையில் பிறந்தவர். 1949-இல், ஹார்வர்டில் மாணவராக இருக்கும்போதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர், அதன் பெயரில் இவர் பெயரும் உண்டு. கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைமையேற்ற பின் இருண்ட வானமும், தென்வானம் எட்டுகிற இடமுமாகத் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968 வாக்கில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. வந்த சூட்டோடு, வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் கவனித்து, அந்த நிலவுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருப்பதற்கான தடயத்தைப் பிடித்தார்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அந்தப் பதிவுகளில் காவலூரின் பங்கும் இருந்தது. 1988-இல் இங்கே கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி முடியும் முன்பே, 1982-இல் பாப்பு மறைந்துவிட்டார். 1986-இல் அதற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். காவலூர்ச் சாலையில் போகும்போதெல்லாம் மரங்களுக்கு மேலே தெரியும் அந்த வெள்ளைக் கூடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவேன்.

நடுநிசிக்கு மேல் வானத்தின் அடுத்த காட்சி. கிழக்கே சித்திரையும் சுவாதியும் நன்றாக மேலேறியிருக்கும். சித்திரை சுமார் 250 ஒளியாண்டு. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் கட்டுவதற்கும் முன்னால் கிளம்பிய ஒளி அது! இரண்டு மணிவாக்கில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு நேராக நிற்கும். திரும்பி வடக்கே பார்த்தால், மலை விளிம்புக்குச் சற்று மேலே துருவம். மறுபடி தெற்கே திரும்பி, திரிசங்குவுக்கு மேலாகவும் சற்றே இடமாகவும் ஒமேகா செண்டாரியைத் தேடுவேன். வெறும் கண்ணுக்கு ஒரு மங்கல் புள்ளி. டெலஸ்கோப்பில் அது கருப்புத் துணியில் ரவையைத் தூவினாற்போல் சிதறும். ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள் அடைந்து கிடக்கிற கொத்து, சுமார் 17,000 ஒளியாண்டு தள்ளி. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருக்கிறவர்களுக்கு இது தொடுவானத்துக்கு மேல் வருவதே இல்லை, நமக்கு வீட்டு வாசலில் கிடைக்கிறது. விடியலுக்கு முன் கேட்டையும் மூலமும் சேர்ந்து தேள் எழும்ப, அதன் பின்னாலேயே பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி எழும். அந்த நேரத்தில் குழுவில் யாரும் பேசமாட்டோம்.

ஒரு வாரம் உழைத்தவளுக்கு ராத்திரி கண்விழிப்பு ஓய்வாகுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. ஆகும் என்று அடித்துச் சொல்வேன். ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தால் திங்கட்கிழமை இன்னும் சோர்வாகத்தான் எழுந்திருக்கிறோம். மனசு கேட்பது வேலையில்லாமல் கிடப்பதை அல்ல. வேறொன்றில், யாரும் டார்கெட் வைக்காத ஒன்றில், முழுசாக மூழ்குவதைத்தான் அது கேட்கிறது. குளிரில் டெலஸ்கோப்பைத் திருப்பி, ஒரு மங்கல் புள்ளிக்காக அரைமணி தேடி, கிடைத்ததும் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டும் உழைப்பு இருக்கிறதே, அதுதான் என்னைப் புதுப்பிக்கிறது. திங்கட்கிழமை கவுன்டரில் அதே வரிசைதான், அதே கசங்கிய பாஸ்புக்தான். ஆனால் என் குரலில் அவசரம் இருக்காது. கேஒய்சி படிவத்தில் பிறந்த வருஷத்தைப் பார்த்தால், அந்த வருஷம் எந்த நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய ஒளி இன்று வந்து சேர்கிறது என்று மனம் தானாகக் கணக்குப் போடும். முன்னால் நிற்கும் மனிதர் மேல் ஒரு பிரியம் வரும்.

நான் வைத்திருக்கும் டெலஸ்கோப் வகைக்கு டாப்சோனியன் என்று பெயர். அதை உருவாக்கிய ஜான் டாப்சன் அமெரிக்காவில், ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னலின் பழைய கண்ணாடியைக் கையால் தேய்த்தே ஆடி செய்தார், மரப்பெட்டியில் நிறுத்தினார். 1967-இல் மடத்தைவிட்டு வெளியே வந்து, சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் டெலஸ்கோப்பை வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிலவைக் காட்டினார். 2014-இல், தொண்ணூற்றெட்டாம் வயதில் மறையும்வரை அந்த ஆசை அவரை விடவில்லை. பணமும் பதவியும் தராத ஒரு ஆசை ஒரு மனிதரை இவ்வளவு காலம் துடிப்போடு வைத்திருந்தது என்றால் அதைவிட நமக்கு வேறென்ன சாட்சி வேண்டும்!

தொடங்க டெலஸ்கோப்பே தேவையில்லை. 10x50 என்று போட்ட ஒரு பைனாகுலர் போதும். அதில் வியாழனின் நாலு நிலவுகள் தெரியும், கார்த்திகைக் கொத்து கண்ணை நிறைக்கும். டெலஸ்கோப் வாங்குவதாக இருந்தால் முதலில் வானியல் ஆர்வலர் குழு ஏதாவது ஒன்றில் சேர்ந்து மற்றவர்களுடையதில் பாருங்கள். 2025-இல் விளிம்பாக ஒடுங்கிப்போன சனியின் வளையம் இனி ஆண்டுக்காண்டு விரியப் போகிறது, 2032 வாக்கில் நன்றாக அகன்று நிற்கும், பழக இதைவிட நல்ல காலம் இல்லை. டிசம்பரில் மழை ஓய்ந்ததிலிருந்து ஏப்ரல் வரை நமக்கு நல்ல வானம். பௌர்ணமியைத் தவிருங்கள். ஸ்வெட்டர், குல்லா, பாய், பிளாஸ்க்கில் சுக்குக் காபி மறக்காதீர்கள். காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள், ஆய்வகத்தின் பக்கம் விளக்கு அடிக்காதீர்கள். காவலூரில் சனிக்கிழமைகளில் பொதுமக்களுக்கும் காட்டுகிறார்கள், கிளம்பும் முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நட்சத்திரம் பிடிக்காமல் போகலாம். பறவையோ, மிருதங்கமோ, மண்பானையோ எதுவாகவும் இருக்கட்டும். மாதத்தில் ஒரு இரவை, ஒரு பகலை அதற்கென்று ஒதுக்குங்கள். "வேலை குறையட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். வேலை ஒருநாளும் குறையாது. காலண்டரில் அடுத்த அமாவாசை எந்தத் தேதி என்று இப்போதே பாருங்கள், அதையொட்டி வரும் சனிக்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.