துப்பாக்கியும் மனச்சான்றுக் கணக்கேடும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு தாய் வீடியோ விளையாட்டின் உறை ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தார். கல்லூரி விடுதியிலிருந்து வந்த மூத்த மகன் கொண்டுவந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் இளையவனும் அதை விளையாட அடம்பிடிக்கிறானாம். பெயர் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. "மீட்புன்னு பேர் போட்டிருக்குதே சாமி, குடுக்கலாமா?" என்றார். பெயரில் மீட்பு இருந்தது உண்மைதான். படத்திலோ துப்பாக்கி இருந்தது.

எனக்கு விடை தெரியவில்லை. ஆகவே மூத்தவனை முதலிலிருந்து விளையாடச் சொல்லி, அவ்விடுமுறையின் மாலைப் பொழுதுகளில் அருகமர்ந்து பார்த்தேன். பீடச் சிறுவர்கள் இதைச் சொல்லிச் சிரித்ததும் என் காதுக்கு எட்டியது.

அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2018 அக்டோபரில் வெளியிட்ட இவ்விளையாட்டு இதுவரை 7 கோடிக்கும் மேற்பட்ட படிகள் விற்றுள்ளது. கதை நிகழும் ஆண்டு 1899. சட்டமும் ரயிலும் தொழிற்சாலையும் பரவிவிட்ட நாட்டில், காலம் கடந்துபோன ஒரு கொள்ளைக் கூட்டம் ஓடி ஒளிகிறது. அதன் தலைவன் டச் வான் டர் லிண்ட், பேச்சு வன்மையால் மனிதரைக் கட்டிவைப்பவன். அவனுடைய வலக்கரமான ஆர்தர் மார்கனே நம் கையில் தரப்படும் பாத்திரம். மலை, சதுப்பு நிலம், நகரம் என விரியும் பரப்பில் விளையாடுபவன் விரும்பிய திசையில் குதிரையைச் செலுத்தலாம், மீன் பிடிக்கலாம், ரயிலைக் கொள்ளையிடலாம், வழியில் எதிர்ப்படுபவனுக்கு வணக்கம் சொல்லலாம், அல்லது அவனைச் சுட்டுக் கொல்லலாம்.

உறையின் மூலையில் 18 என்னும் எண் உண்டு. அது ஐரோப்பாவின் பெகி அமைப்பு இட்ட முத்திரை. அமெரிக்காவில் 1994-இல் நிறுவப்பட்ட இ.எஸ்.ஆர்.பி. என்னும் மதிப்பீட்டு வாரியம் 17 வயதுக்குக் குறைந்தோருக்கு இது ஆகாது என்கிறது. இரத்தம், கடும் வன்முறை, நிர்வாணம், பாலியல், வசை மொழி, மதுவும் போதைப்பொருளும் என அது காரணங்களையும் அடுக்குகிறது. அத்தனையும் மெய். பெற்றோர் இந்த எண்ணை அசட்டை செய்யலாகாது. ஆயினும் இப்பட்டியல் திரையில் என்ன காட்டப்படுகிறது என்பதையே எண்ணுகிறது. திரைப்படத்துக்கு அது போதும். விளையாட்டிலோ கண் மட்டுமன்றிக் கையும் வேலை செய்கிறது. கை என்ன செய்தது, செய்தபின் உள்ளம் என்ன ஆயிற்று என்பதற்கு அந்தப் பெட்டிக்குள் இடமில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. செயின்ட் டெனிஸ் என்னும் கற்பனை நகரின் தெருவில் ஒரு பெண் நின்று, மகளிருக்கு வாக்குரிமை வேண்டுமென்று குரல் கொடுக்கிறாள். 2018 நவம்பரில் ஒருவர் அவளை முதலைக்கு இரையாக்கிப் படம்பிடித்து யூடியூபில் வெளியிட, அது பெரும் பார்வை பெற்றது. அந்த நிறுவனம் அவரது கணக்கை முதலில் முடக்கிப் பின்னர் திருப்பித் தந்தது. அவளைக் கொல்லும்படி விளையாட்டு எங்கும் கட்டளையிடவில்லை. கொல்லக்கூடிய இடத்தில் அவளை நிறுத்தியது. மற்றதை ஒரு மனிதனின் சிரிப்பு பார்த்துக்கொண்டது. இதனை எந்த எழுத்தால் குறிப்பார்கள்?

இனி, இப்படைப்பை நான் மதிக்கும் இடத்துக்கு வருகிறேன். கூட்டத்தின் வட்டிக் கடனை வசூலிக்க ஆர்தர் ஓர் ஏழை உழவனின் வீட்டுக்குச் செல்கிறான். தாமஸ் டவுன்ஸ் என்ற அந்த மனிதன் இருமல் நோயாளி. மனைவியும் வளர்ந்த மகனும் உள்ளவன். ஆர்தர் அவனை அடிக்கிறான். அடிபட்டவன் இருமும்போது இரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. இதனைத் தவிர்த்துவிட்டுக் கதையைத் தொடர வழியில்லை. பல மணி நேரம் கழித்து ஆர்தர் தெருவில் மயங்கி விழ, மருத்துவர் காச நோய் என்கிறார். அந்நோயின் கிருமியை ராபர்ட் கோக் 1882-இலேயே கண்டறிந்துவிட்டார். மருந்தோ 1940-களில்தான் வந்தது. 1899-இல் அது மரணத் தீர்ப்பு. செய்த பாவம் செய்தவனின் நெஞ்சுக்குள் குடிபுகுந்து மூச்சைத் தின்பதை இவ்வளவு உடல் சார்ந்த முறையில் சொன்ன கதைகள் குறைவு. காச நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு சென்றவன் நான். அந்த இருமலின் ஒலியை ஏதோ ஒரு கலைஞர் உற்றுக் கேட்டிருக்கிறார் என்று எண்ணினேன்.

அன்றிரவு மூத்தவன் கேட்டான்: "ஃபாதர், அவரை நான்தானே அடிச்சேன். இதைப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமா?" கற்பனை மனிதனை அடித்தது பாவமாகாது என்றேன். அடிக்கும்போது உனக்கு மகிழ்ச்சியாக இருந்ததா என்றும் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்து, "முதல்ல ஆமா" என்றான். பத்தொன்பது வயதில் அவனால் அவ்வாறு திரும்பிப் பார்க்க முடிகிறது. பதினைந்து வயதினனிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமன்று.

என் குறை வேறிடத்தில் இருக்கிறது. ஆர்தரின் நன்மை தீமைகளுக்கு விளையாட்டு ஒரு கணக்கேடு வைத்திருக்கிறது. திரையின் அடியில் சிறு தொப்பி ஒன்று சிவப்புக்கும் வெண்மைக்கும் இடையே நகர்கிறது. கொலை செய்தால் மதிப்பு இறங்கும். பிடித்த மீனைத் தண்ணீரில் விட்டால் ஏறும். தெருவில் போவோர் வருவோர்க்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டே நின்றாலும் ஏறும்! மதிப்பு மிகுந்தவனுக்குக் கடைகளில் விலை குறைகிறது. புனித அகுஸ்தினார் எதிர்த்து நின்ற பெலாஜியுஸ்கூட இத்துணை மலிவான அறத்தைப் போதித்ததில்லை. தோழனைக் காப்பாற்றச் சென்றவனின் சாவுகூட இக்கணக்கின்படியே அமைகிறது. மதிப்புடையவன் விடியலைப் பார்த்தபடி அமைதியாக உயிர் விடுகிறான். மதிப்பிழந்தவனைத் துரோகி சுட்டுக் கொல்கிறான். நல்ல கள்வன் என நாம் போற்றுபவர் இவ்விளையாட்டில் எந்தச் சாவைப் பெற்றிருப்பார்?

இறுதிப் பகுதியில் ஒரு ரயில் நிலையக் காட்சி. மெக்சிக்கோவுக்குப் புறப்படும் கால்டெரோன் என்ற அருட்சகோதரியின் அருகில் அமர்ந்து, தனக்கு அச்சமாக இருப்பதாக ஆர்தர் ஒப்புக்கொள்கிறான். கொள்ளைக்காரன் வாயிலிருந்து அச்சொல் வரும்போது அறை முழுவதும் அமைதியாயிற்று. அவர் போதிக்கவில்லை; அன்பை நம்பி ஒரு நற்செயல் செய் என்பதோடு நிறுத்துகிறார். ஆனால் இக்காட்சியும் வெண்மைப் பக்கத்தாருக்கே என்று அறிந்தபோது எனக்குச் சினம் வந்தது. நோயற்றவருக்கா மருத்துவர் தேவை?

இணையத்தில் பலர் கூடி விளையாடும் பகுதியைக் குறித்து ஒரு சொல்: முன்பின் அறியாதோரின் பேச்சும், உண்மைப் பணம் கொடுத்து வாங்கும் பொற்கட்டிகளும் அங்கே உண்டு. விளையாட்டுக் கருவியிலேயே வயதுக் கட்டுப்பாட்டையும் நேர வரம்பையும் அமைக்கலாம். கடவுச்சொல் பெற்றோரிடம் இருக்கட்டும்.

"இளையவனுக்கு இப்போது வேண்டாம், அம்மா. மூத்தவன் விளையாடட்டும், நீங்களும் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்றேன். "ஒரே கூடம்தானே சாமி, சின்னவன் கண்ணை எப்படிக் கட்டுறது?" என்றார். அதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. உறை இப்போது அவர் அலமாரியில் இருக்கிறது.

விடுதிக்குத் திரும்புமுன் மூத்தவன் ஒரு செய்தி சொன்னான். சிவப்புப் பக்கம் விளையாடிய அவன் நண்பனுக்கு அந்த ரயில் நிலையத்தில் சகோதரி வரவில்லை; ஸ்வான்சன் வந்தாராம். அக்கூட்டத்தோடு திரிந்த போதகர் அவர். மதுவிலும் மார்ஃபினிலும் விழுந்து கிடந்து, கதையின் பிற்பகுதியில் எழுந்தவர். பாவியிடம் அனுப்பப்படுபவர் மற்றொரு பாவி. என் சினத்தில் பாதி அங்கேயே தணிந்தது. அந்தப் பகுதியை நான் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு நண்பனையும் அழைத்துவருவதாக அவன் சொல்லியிருக்கிறான்.