விசிறியின் இரைச்சலைப் படிப்பவர்

புதுச்சேரி மிஷன் வீதியில், மாடியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்துக்கு ஜென்மராக்கினி மாதா கோயில் மணியோசை தெளிவாக வரும். அதையும் மீறி சர்வரின் விசிறி இரைந்தால் எங்கள் அண்ணன் எழுந்து வருவார். அதில் ஓடும் மெய்நிகர் கணினிகளில் ஏதோ ஒன்று திணறுகிறது என்று அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். அவசரப்பட்டு ரீஸ்டார்ட் செய்ய மாட்டார். செய்தால் தடயமும் சேர்ந்து போய்விடும். திணறும் கணினியின் கறுப்புத் திரையில் ‘டாப்’ என்ற கட்டளையைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். பிராசஸர் எதில் மூழ்கியிருக்கிறது என்று காட்டும் எண்கள் 3 விநாடிக்கு ஒருமுறை புரளும். நாடி பிடிக்கும் வைத்தியரின் நிதானம் அப்போது அவர் முகத்தில் வந்து அமரும்.

அவர் கண் முதலில் போவது பிராசஸர் வரிசையின் கடைசியில் இருக்கும் ‘எஸ்டி’ என்ற எண்ணுக்கு. அது ஏறியிருந்தால், அந்தக் கணினி பிராசஸரில் தன் முறை வருவதற்காகக் காத்து நிற்கிறது, பக்கத்துக் கணினிகள் இடத்தைப் பிடித்திருக்கின்றன என்று பொருள். உள்ளே நோண்டிப் பயனில்லை. அது பூஜ்யமாக இருந்தால் காரணம் உள்ளேதான். பிறகு அங்கே ஓடும் நிரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவார், அரிசியில் கல் பொறுக்குவதைப் போல. கடைசியில், முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு பழைய ஸ்கிரிப்ட் அகப்படும். அதை மெதுவாக நிறுத்துவார். விசிறி இறங்கி இறங்கி முணுமுணுப்பாகத் தேயும். அந்த அமைதிக்குள் மணியோசை மறுபடி வந்து சேரும்.