ஹெமிங்வே எழுதாத வீடு

எழுத்தாளன் பிறந்த வீட்டைப் பார்ப்பதால் அவன் எழுத்தைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா? முடியாது என்பதே என் அபிப்பிராயம். சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், இப்போது மியூசியமாக இருக்கும் ஹெமிங்வே பிறந்த வீட்டைப் பார்த்த பிறகும் அபிப்பிராயம் மாறவில்லை. அதற்கான காரணங்கள்தான் கொஞ்சம் சிக்கலாகிவிட்டன.

ஓக் பார்க் ரயிலால் வளர்ந்த ஊர். சிகாகோவிலிருந்து மேற்கே போன முதல் தண்டவாளம் 1848-இல் இந்த வழியாகத்தான் போயிற்று. 1871-இல் சிகாகோ பற்றி எரிந்த பிறகு வசதியுள்ள குடும்பங்கள் இங்கே குடியேறின. ஆண்கள் காலையில் ரயிலேறி நகரத்தில் சம்பாதித்து மாலையில் திரும்புவார்கள். நகரத்தின் சாராயக்கடை மட்டும் அந்த ரயிலில் ஏறி வந்துவிடக் கூடாது. வீட்டை 1890-இல் கட்டிய எர்னஸ்ட் ஹால், ஹெமிங்வேயின் தாய்வழித் தாத்தா, சிகாகோவில் கத்தி, கத்தரிக்கோல் மொத்த வியாபாரம் செய்தவர். மகள் கிரேஸும் மருமகன் டாக்டர் கிளாரன்ஸ் ஹெமிங்வேயும் அவரோடு இங்கேயே வசித்தார்கள். 1899 ஜூலை 21 அன்று மாடி அறையில் பேரன் பிறந்தபோது பிரசவம் பார்த்ததும் அந்த டாக்டர்தான். 1905-இல் தாத்தா இறந்தார், வீடு விற்கப்பட்டது. 1992-இல் ஓர் அறக்கட்டளை அதை வாங்கிப் பழைய தோற்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

சிரத்தையோடுதான் செய்திருக்கிறார்கள். சுவரில் பூப்போட்ட காகிதம், கனத்த மர நாற்காலிகள், மாடியில் அந்தப் படுக்கையறை. ஆனால் இது ஆறு வயதுக் குழந்தையின் வீடு. எழுத்தாளன் இங்கே வசிக்கவே இல்லை. நடந்து போகிற தூரத்தில் கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட்டின் வீடும் மியூசியமாக இருக்கிறது. அவர் 1889-இல் தனக்காகக் கட்டிக்கொண்டது. அங்கே நிற்பது வேறு அனுபவம். அந்தச் சுவர், அந்த ஜன்னல், அறைக்குள் வெளிச்சம் விழும் விதம் எல்லாம் ரைட்டின் சிருஷ்டி. அங்கே பார்வையாளன் படைப்புக்குள்ளேயே நிற்கிறான். ஹெமிங்வே வீட்டில் நாற்காலிக்கும் வாக்கியத்துக்கும் இடையில் எந்தப் பாலமும் இல்லை. இரண்டு வீடுகளையும் ஒரே நாளில் ஒரே பரவசத்தோடு பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதாகத் தெரியவில்லை.

இருந்தாலும் ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. இரண்டு தாத்தாக்களும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கலந்துகொண்டவர்கள். எதிர்ச்சாரியில் வசித்த ஆன்சன் ஹெமிங்வே போர்க் கதைகளைச் சந்தோஷமாகச் சொல்லுவார். இந்த வீட்டுத் தாத்தா தொடையில் குண்டு பட்டவர். தன் முன்னிலையில் போர்ப் பேச்சே கூடாது என்று தடுத்துவிட்டவர். ஹெமிங்வேயின் நடையை, சொல்லாமல் விட்டதே சொன்னதைத் தாங்கி நிற்கும் அந்த நடையை, இந்தத் தாத்தாவின் மௌனத்தோடு முடிச்சுப் போட யாருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் இது சௌகரியமான விளக்கம். தாத்தாவின் மௌனம் வலியை மறைப்பது. பேரனின் மௌனம் வலியை வாசகனுக்குக் கடத்துவது. இரண்டும் ஒன்றல்ல.

தாத்தா காலையில் குடும்பத்தைக் கூட்டிப் பிரார்த்தனை நடத்துவார். இது மட்டும்தான் எனக்கு ஒரு கதையை நினைவுபடுத்தியது. 1925-இல் வந்த 'சோல்ஜர்ஸ் ஹோம்' கதையில் போரிலிருந்து திரும்பிய கிரெப்ஸைத் தாய் மண்டியிட்டுப் பிரார்த்திக்கச் சொல்கிறாள், அவனால் முடியவில்லை. அந்த வீட்டை ஹெமிங்வே வைத்தது ஓக் பார்க்கில் அல்ல, ஓக்லஹாமாவில். நிக் ஆடம்ஸின் பிள்ளைப் பருவம் மிச்சிகன் காட்டில். பதினெட்டு வயதுவரை வளர்ந்த ஊரில் அவர் ஒரு கதையைக்கூட நிகழ்த்தவில்லை.

ஊரும் அவரை விரும்பவில்லை என்பது உண்மைதான். 1924-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய சிறு புத்தகத்தின் பிரதிகளை அப்பா பதிப்பாளருக்கே திருப்பி அனுப்பினார். 1926-இல் வந்த நாவலைப் பற்றி அம்மா கடிதத்தில் வெட்கப்பட்டார். கோபம் மட்டுமே என்றால் ஊரைத் திட்டி ஒரு நாவல் எழுதியிருக்கலாம். சிங்க்ளேர் லூயிஸ் 'மெயின் ஸ்ட்ரீட்'டில் அதைத்தானே செய்தார். ஹெமிங்வேயின் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் கெனில்வொர்த் அவென்யூவில், அம்மாவின் திட்டப்படி கட்டப்பட்ட இரண்டாவது வீடு. அவர் வளர்ந்தது அங்கேதான். 1928 டிசம்பர் 6 அன்று டாக்டர் ஹெமிங்வே தன்னைச் சுட்டுக்கொண்டதும் அங்கேதான். ஆன்சன் தாத்தாவின் உள்நாட்டுப் போர்க் கால ரிவால்வரால். அந்த வீடு மியூசியமாகவில்லை. பிறப்புக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள். இதற்கு எப்படிக் கொடுப்பார்கள்?

1933-இல் 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' கதையில் நிக், அப்பாவின் சாவை எழுதினால் அதிலிருந்து விடுபடலாம், ஆனால் இன்னும் நிறையப் பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று நினைக்கிறான். கிரேஸ் 1951-இல் இறந்தார். அதன் பிறகும் பத்து வருஷம் ஹெமிங்வே உயிரோடு இருந்தார். அந்த வீட்டை எழுதவில்லை.

எழுதியதெல்லாம் மாற்று முகவரியில். 1917-இல் பத்திரிகை வேலைக்காக அவர் கான்சாஸ் நகரத்துக்கு ரயிலேறியபோது வழியனுப்பியது அப்பா. 1940-இல் வந்த 'ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்' நாவலில் ராபர்ட் ஜோர்டான் ஸ்பெயினின் மலையில் காத்திருக்கும்போது ஒரு ரயில் நிலையம் நினைவுக்கு வருகிறது. அப்பா பிரார்த்தித்து, முத்தமிட்டு, கண்கலங்குகிறார். பையனுக்குக் கூச்சம், தான் அப்பாவைவிட வயதில் மூத்தவனாகிவிட்டதுபோல் ஒரு பரிதாபம். ஸ்டேஷன் மான்டனாவில் இருக்கிறது. தற்கொலை செய்துகொண்ட அப்பா, தாத்தாவின் துப்பாக்கி, இரண்டும் அந்த நாவலில் உண்டு. துப்பாக்கியை மகன் மலைமேலிருக்கும் ஆழமான ஏரியில் போட்டுவிடுகிறான்.

நிஜத்தில் அவர் அம்மாவுக்கு எழுதி அந்தத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.