கணக்கில் வராத வன்முறை: விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ நாவலில் செல்வமும் மௌனமும்

ஆய்வுச்சுருக்கம்

கன்னட எழுத்தாளர் விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ திடீர்ச் செல்வம் ஒரு நடுத்தரக் குடும்பத்தைச் சீரழித்த கதையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு நாவலின் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. குடும்பத்தின் வன்முறை செல்வத்திற்கு முன்பே அங்கு இருந்தது என்பதையும், செல்வம் அதனைக் கணக்குக் கேட்பாரற்றதாக மாற்றியது என்பதையும், கதைசொல்லியின் மௌனமே குடும்ப இரகசியத்தின் முதன்மைக் காவல் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கன்னட நாவல், கூட்டுக்குடும்பம், செல்வம், மௌனம், கதைசொல்லி, இறைச்சி.

முன்னுரை

2013இல் கன்னடத்தில் வெளிவந்த இக்குறுநாவல், 2015இல் ஸ்ரீநாத் பேரூரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகப் பரந்த கவனத்தைப் பெற்றது. கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் கிடைக்கிறது. பெங்களூரில் வாழும் ஒரு குடும்பம். தந்தை, தாய், சிக்கப்பா, மகள் மாலதி, பெயர் சுட்டப்படாத மகன், அவன் மனைவி அனிதா. விற்பனைப் பணியாளரான தந்தை வேலையை இழக்கும்போது கிடைத்த ஓய்வுத் தொகை, சிக்கப்பா தொடங்கும் ‘சோனா மசாலா’ நிறுவனத்திற்கு முதலாகிறது. மசாலாப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலங்களாக்கி விற்கும் அத்தொழில் குடும்பத்தைச் சில ஆண்டுகளில் உயர்த்திவிடுகிறது. கதை முழுவதும் மகனின் கூற்றாகவே அமைகிறது.

கணக்கு வீடும் கணக்கற்ற வீடும்

பழைய வீட்டைப் பற்றிய பகுதிகளில் மையமாக நிற்பது கணக்கு. ஒருநாள் தந்தையின் விற்பனைக் கணக்கு நேராகாதபோது குடும்பமே கூடி அமர்ந்து பிழையைத் தேடுகிறது. எரிவாயு அடுப்பு வாங்கும் முடிவில் எல்லோரும் பங்கேற்கின்றனர். அதில் வைத்த முதல் காப்பி ஒரு விழாவாகிறது. வரவும் செலவும் அனைவருக்கும் தெரிந்திருந்தமையால் ஒருவர் செயலுக்கு மற்றவர் பொறுப்பாகவும் சாட்சியாகவும் இருந்தனர்.

புதிய வீட்டில் இப்பிணைப்பு தலைகீழாகிறது. யார் எதற்குச் செலவிடுகிறார் என்பது எவருக்கும் தெரிய வேண்டியதில்லை. மகன் நிறுவனத்தின் இயக்குநர். ஆயினும் அவனுக்குப் பணி எதுவுமில்லை. ஊதியம் மட்டும் வந்துகொண்டிருக்கிறது. பணம் எவ்வாறு ஈட்டப்படுகிறது என்ற வினா அவ்வீட்டில் எழுவதில்லை. திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரம் தீதின்றி வந்த பொருளே அறத்தையும் இன்பத்தையும் தரும் என்கிறது. வந்த வழியைக் கேளாதிருத்தலே இக்குடும்பத்தில் இன்பத்தின் நிபந்தனையாகிவிடுகிறது. இந்த முரண் நாவலின் உள்ளியக்கத்தைத் தெளிவாக்குகிறது.

எறும்புகள் தரும் சான்று

செல்வம் நல்லவர்களைக் கெடுத்தது என்னும் வாசிப்பை மறுபரிசீலனை செய்ய வைப்பது எறும்புகள் பற்றிய பகுதி. பழைய வீட்டில் எறும்புகளுக்கு எதிராகக் குடும்பம் நடத்திய போர் நகைச்சுவையுடன் விவரிக்கப்படுகிறது. ஆனால் கொல்லுவதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. அதில் ஒருவகை நிறைவும் உண்டு. ‘நம் வீட்டுக்குள் நுழைந்த அந்நியம் அழிக்கப்பட வேண்டும்’ என்னும் மனப்பாங்கு வறுமைக் காலத்திலேயே உருவாகிவிட்டது.

சிக்கப்பாவைத் தேடி ஒரு பெண் உணவுடன் வாசலுக்கு வரும் காட்சியை இதனோடு இணைத்து நோக்க வேண்டும். அவளைத் தாயும் மாலதியும் வசைபாடி விரட்டுகின்றனர். அவள் கொண்டுவந்த மசூர் பருப்புக் குழம்பு தரையில் சிந்துகிறது. அதன் மணம் மட்டும் எஞ்சுகிறது. சிக்கப்பா உள்ளேயே இருந்துவிடுகிறார். தொல்காப்பியம் கூறும் இறைச்சி, கருப்பொருளின் வழியே உரிப்பொருளுக்குப் புறத்தே தோன்றும் குறிப்பாகும். திணைக் கோட்பாட்டை நகர நாவலுக்கு முழுமையாகப் பொருத்த இயலாது. எனினும் எறும்பும் குழம்பின் மணமும் இவ்வகைக் குறிப்பாற்றலுடனேயே செயல்படுகின்றன. சொல்லப்படாத உறவொன்றின் உண்மையை அந்த மணம் சொல்லிவிடுகிறது.

பெண்களின் குரல், ஆண்களின் மௌனம்

இந்நாவலில் வெளிப்படையான கொடுமை பெரும்பாலும் பெண்களின் வாயிலிருந்தே வருகிறது. இது பெண்வெறுப்புச் சித்திரிப்பு என்ற ஐயம் எழுவது இயல்பு. ஆனால் வீட்டின் சச்சரவுகளைச் சொல்பவன் யார் என்பதைக் கருத்திற்கொள்ள வேண்டும். பெண்களின் சொற்களை நுணுக்கமாக நினைவுகூரும் மகன், தன் செயலின்மையைச் சூழ்நிலையின் விளைவாகவே காட்டுகிறான். வாசலில் நின்ற பெண்ணுக்காக அவனும் பேசவில்லை. முன்னர் காப்பி ஹவுஸில் பழகிய சித்ராவிடமிருந்து விலகியதும் எவ்வித விளக்கமுமின்றியே. சித்ரா வன்முறைக்குள்ளான பெண்களுக்காகப் பணியாற்றியவள் என்பது தற்செயலன்று.

பெண்கள் கத்துகிறார்கள், ஆண்கள் அதன் பயனை அனுபவிக்கிறார்கள். சம்பாதிப்பவரான சிக்கப்பாவின் அமைதியைக் குலைக்காதிருப்பதே வீட்டின் எழுதப்படாத சட்டம். தாயும் மாலதியும் அச்சட்டத்தின் காவலர்கள் மட்டுமே.

அனிதா என்னும் வினா

ஐதராபாத்திலிருந்து வந்த அனிதா இச்சட்டத்தை ஏற்க மறுக்கிறாள். கணவன் தானே உழைத்து ஈட்ட வேண்டும் என்கிறாள். மற்றவர் விழுங்கிய சொற்களை உரக்கப் பேசுகிறாள். ‘காச்சர் கோச்சர்’ என்பது அவளும் அவள் உடன்பிறந்தவனும் சிறுவயதில் உருவாக்கிய சொல். அவிழ்க்க முடியாத சிக்கலைக் குறிப்பது. அதனை அவள் கணவனோடு பகிர்வது நெருக்கத்தின் அடையாளம். அதே சொல் குடும்பம் முழுவதன் நிலையையும் குறிக்கும் தலைப்பாகும்போது, பிறவீட்டுப் பெண்ணின் மொழியே இவ்வீட்டைப் பெயரிட வல்லது என்றாகிறது.

நாவலின் இறுதியில் அனிதா ஊருக்குச் சென்றிருக்கிறாள், செய்தி இல்லை. வீட்டினரோ கொலைகளைப் பற்றி இயல்பாக உரையாடியிருக்கின்றனர். அவளுக்கு என்ன நேர்ந்தது என நாவல் உறுதியாகக் கூறவில்லை. காப்பி ஹவுஸில் கண்ணாடிக் குவளை உடைந்து கதைசொல்லியின் கை காயப்படுகிறது; பணியாளர் வின்சென்ட் குருதியைச் சுட்டிக்காட்டுகிறார். குற்றம் நிகழ்ந்ததா என்பதைவிட, நிகழ்ந்திருக்கலாம் என்று அறிந்தும் அவன் எழுந்து செல்லாமல் அமர்ந்திருப்பதே இங்கு முதன்மையாகிறது. வீட்டின் கொடுமையில் தன் பங்கை அவன் எங்கும் ஏற்றதில்லை. கையில் குருதி இருப்பதையும் பிறர் சொல்லித்தான் அறிகிறான்.

முடிவுரை

‘காச்சர் கோச்சர்’ பணத்தைப் பழிக்கும் நீதிக்கதை அன்று. அந்நியத்தை அழிக்கும் மனப்பாங்கு வறுமையிலும் இருந்தது; ஆனால் அன்று ஒருவர் மற்றவருக்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. செல்வம் அக்கட்டாயத்தை நீக்கியது. இக்குடும்பத்தின் இரகசியங்கள் பூட்டிய அறைகளில் இல்லை. கேட்கப்படாத வினாக்களில் உள்ளன. வினாவைக் கேட்ட ஒருத்தி காணாமற்போகிறாள். கேளாதவன் கதை சொல்ல எஞ்சுகிறான். அவன் கூற்றை நம்பி வாசிக்கும் வாசகரும் அந்த மௌனத்தின் பங்காளியாகும் இடர் இங்கு உண்டு. அவ்விடரை உணர்ந்து, அவன் சொல்லாது விட்டவற்றைக் கேட்கும் வாசிப்பே இந்நாவலுக்கு உரிய வாசிப்பாகும்.