பழைய கோல்டு கீபோர்டு, புது லேப்டாப்

பள்ளிப்பட்டு பக்கத்து டிடிபி கடைகளில் கம்ப்யூட்டர் மாறும், பிரிண்டர் மாறும். மேசையில் டிவிஎஸ் கோல்டு கீபோர்டு மட்டும் அப்படியே இருக்கும். எழுத்துகள் தேய்ந்துபோன கட்டைகளைப் பார்க்காமலே பத்திரமும் மனுவும் அடித்துத் தள்ளுவார்கள். எனக்குத் தெரிந்த கடையில் சிபியு பழுதாகி லேப்டாப் வந்துவிட்டது. கோல்டை மாட்டும் பிஎஸ்-2 துளை அதில் ஏது? "இதுல அடிச்சா அடிச்ச மாதிரியே இல்ல சார்" என்றார் கடைக்கார அக்கா. பழைய கோல்டை அந்த லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன்.

முதலில் வாங்கியது சில்லறை விலைக்குக் கிடைக்கும் குட்டி அடாப்டர். கீபோர்டில் விளக்குகூட எரியவில்லை. அந்த அடாப்டர் கம்பிகளை இடம் மாற்றிக் கொடுப்பதோடு சரி. கீபோர்டுக்கே யுஎஸ்பி தெரிந்திருந்தால்தான் அது வேலைக்கு ஆகும். இந்தக் கோல்டுக்கு பிஎஸ்-2 தவிர வேறெதுவும் தெரியாது. ஊதா, பச்சை என இரண்டு துளைகளோடு வரும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர்தான் தேவை. ஊதா கீபோர்டுக்கு, பச்சை மவுஸுக்கு. கீபோர்டை முதலில் கன்வெர்ட்டரில் செருகி, பிறகு அதை லேப்டாப்பில் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கி மாட்டுவதற்காக பிஎஸ்-2 வடிவமைக்கப்படவில்லை. டிரைவர் எதுவும் கேட்காமல் உடனே வேலை செய்தது. ஓடிஜி வழியாக ஆண்ட்ராய்டு போனிலும் அடிக்க முடிந்தது.

பரணில் கிடந்த இன்னும் பழைய, தடித்த ஐந்து முள் பிளக் கீபோர்டையும் விடவில்லை. அதற்கும் பிஎஸ்-2வுக்கும் சிக்னல் ஒன்றுதான், பிளக்தான் வேறு. எனவே அதற்கு மட்டும் சிப் இல்லாத அடாப்டரே போதும். பின்னால் அதே கன்வெர்ட்டர். 101 கட்டைகள், விண்டோஸ் கட்டை கிடையாது. கன்ட்ரோல்-எஸ்கேப் அடித்தால் ஸ்டார்ட் மெனு வருகிறது. அதுவும் போதாதென்றால் பவர்டாய்ஸ் மென்பொருளில் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கட்டையாக்கிக்கொள்ளலாம். தமிழில் அடிக்கும்போது கேப்ஸ் லாக் இருந்தென்ன, போயென்ன!

கோல்டின் உயிர் அதன் செர்ரி நீல சுவிட்சில் இருக்கிறது. கட்டை பாதி இறங்கும்போதே 'டிக்' என்று விரலுக்கும் காதுக்கும் சேதி வந்துவிடும். அடிவரை அழுத்த வேண்டியதில்லை. தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் ஹையர் முடித்த விரல்களுக்கு அப்படிச் சேதி வருவதுதான் பழக்கம். என்எச்எம் ரைட்டர் மென்பொருளில் டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும், அக்கா ஒரு வாரிசுச் சான்று மனுவைத் தலை நிமிராமல் அடித்து முடித்தார். ஆந்திர எல்லை ஊர் அல்லவா, தெலுங்கு வேலையும் வரும். மொழி மாற்றுவது விண்டோஸின் பொறுப்பு. கீபோர்டு எந்த மொழியையும் கண்டுகொள்வதில்லை.

குறையும் உண்டு. சத்தம் அதிகம், பக்கத்தில் ஒருவர் போன் பேச முடியாது. எடையும் அதிகம். விசைத்தறி ஊர் என்பதால் கட்டைகளைப் பிடுங்கியபோது அடியில் பஞ்சுத் தூசி படலமாக இருந்தது. பிரஷ்ஷால் தட்டி எடுத்து, கட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் காயவைத்து மாட்டினால் போதும். சுவிட்சில் மட்டும் தண்ணீர் படக்கூடாது.

வீட்டில் பழைய கோல்டு இருந்தால் சிப் வைத்த கன்வெர்ட்டருக்குச் சில நூறு ரூபாய் செலவழிக்கலாம். இல்லாதவர்கள் பழைய கோல்டைத் தேடி அலைய வேண்டாம். ரூபாய்க் குறியோடு கோல்டு பாரத் என்று யுஎஸ்பியிலேயே வருகிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.