வெந்நீர்ப் பை

டைக்கா வைட்டிட்டியின் 'ஹன்ட் ஃபார் தி வில்டர்பீப்பிள்' (2016) படத்தை நினைத்தாலே ஒரு வெந்நீர்ப் பைதான் கண்முன் வருகிறது. எந்த வீட்டிலும் தங்காத சிறுவன் ரிக்கிக்காக, நியூசிலாந்தின் காட்டோரப் பண்ணை வீட்டில் பெல்லா அத்தை அதைப் படுக்கைக்குள் வைத்திருக்கிறாள். ஓடிப்போகப் பார்த்தவனை அவள் திட்டுவதில்லை. முதலில் சாப்பிடு, பிறகு ஓடிக்கொள் என்கிறாள். எவ்வளவு பெரிய மனசு!

அவள் திடீரென்று இறந்ததும் ரிக்கியும், அவள் கணவர் ஹெக்கும் காட்டுக்குள் போய்விட, ஊரே தேடுகிறது. சிடுசிடு கிழவராக சாம் நீல். வாய் ஓயாத பையனாக ஜூலியன் டெனிசன். கிழவருக்குப் படிக்கத் தெரியாது, பையனுக்குக் காடு தெரியாது. பாசம் என்ற பேச்சே எழுவதில்லை. கால் உடைந்த கிழவரை விட்டுப் போகாமல் பையன் கூடவே கிடக்கிறான், அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது தொண்டை அடைத்துவிடுகிறது.

கடைசியில் இருவரும் மறுபடி காடேறுவது, அழிந்தே போனதாகச் சொல்லப்படும் ஹுயா பறவையைத் தேடி.